பெருநகரில் முதல் மூன்று மாதம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

வேலைக்கோ படிப்புக்கோ பெருநகரத்துக்குப் புதிதாக வருபவர்கள் சோம்பேறித்தனத்தால் கஷ்டப்படுவதில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்கிறார்கள்; வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. வந்த மூன்றாம் நாளே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அங்கிருந்து வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கிறார்கள். கட்டில், பீரோ எல்லாம் வாங்கிப் போட்ட பிறகு, ஜன்னலுக்குக் கீழே இரவெல்லாம் லாரி ஓடுவது தெரிகிறது.

கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்: தற்காலிகமாக ஒதுங்க ஓர் இடம், தினசரி வழி, வீடு, அக்கம்பக்கம். பணக் கணக்கும் மனிதர்களும் முதல் வாரத்திலிருந்தே கூடவே ஓட வேண்டியவை. எழுத வசதியாகப் பின்னால் வைத்திருக்கிறேன்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பணம். மாதச் சம்பள வேலை என்றால் முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகலாம். ஆனால் அட்வான்ஸ், முதல் மாத வாடகை, புரோக்கர் கமிஷன், வீட்டுச் சாமான் எல்லாம் முதல் சில வாரங்களிலேயே போய்விடும். வீட்டு அட்வான்ஸுக்கான தொகையைத் தனியாகவும், குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கணக்கில் கிடந்தால், வீடு கிடைக்கும் நேரத்தில் அட்வான்ஸ் பாதியாகக் கரைந்திருக்கும்.

அடுத்தது காகிதங்கள். இங்கே பலரும் ஒரு வட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் வேலைக்கான அத்தாட்சி கேட்பார். வங்கி முகவரிச் சான்று கேட்கும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க எளிய வழி, நிறுவனத்திடமோ கல்லூரியிடமோ அவர்களுடைய பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதத்தைக் கிளம்பும் முன்பே வாங்கி வைப்பது. உங்கள் பெயர், சேரும் தேதி, பதவி அல்லது படிப்பு, இவ்வளவு இருந்தால் போதும். பல கதவுகள் அந்த ஒரு தாளில் திறக்கும்.

அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் தொலையும் அன்று எல்லாமே சேர்ந்து தொலையும்.

பழைய போன் எண்ணை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வங்கியின் ஓடிபி, பழைய கணக்குகளின் கடவுச்சொல் மீட்பு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். புது எண் தேவைப்பட்டால் இரண்டையும் சில மாதம் வைத்திருந்து, ஒவ்வொரு கணக்காக மாற்றிவிட்டுப் பழையதை விடுங்கள்.

தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு மாதத்துக்கான மருந்தும் மருத்துவரின் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஊரில் பழகிய மருத்துவர் கிடைக்க நாளாகும். மருந்து அதுவரை காத்திருக்காது.

2. முதல் இரண்டு வாரம் தற்காலிக இடம்

விடுதி, பகிர்வு அறை, உறவினர் வீடு, எதுவானாலும் சரி. இரண்டு வாரம் நீட்டிக்கக்கூடிய இடமாக இருக்கட்டும். இதற்கு ஒரே காரணம்தான். வந்த வாரத்தில் எடுக்கும் வீட்டு முடிவை எடுப்பது நீங்கள் அல்ல, உங்கள் களைப்பு. பெட்டியோடு நாலு வீடு பார்த்த பிறகு ஐந்தாவது வீட்டில் என்ன குறை இருந்தாலும் தலை தானாக ஆடும்.

முடிந்தால் இந்தத் தற்காலிக இடம் வேலையிடத்துக்கு அருகில் இருக்கட்டும். புது வேலையில் பழகும் வாரத்திலேயே நீண்ட பயணத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

உறவினர் வீட்டில் தங்குவதானால், போகும் முன்பே கிளம்பும் தேதியைச் சொல்லிவிடுங்கள். "வீடு கிடைத்ததும் போய்விடுகிறேன்" என்பது தேதி இல்லை. எத்தனை நாள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் வீடு தேடும் வேகம் வரும்.

படத்தை மட்டும் பார்த்து எந்த வீட்டுக்கும் பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்பது உலகமெங்கும் ஓடும் மோசடி. படத்தில் வீடு அழகாகவும் வாடகை அந்தப் பகுதியின் மற்ற வீடுகளைவிடக் குறைவாகவும் இருந்தால், இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். நேரில் நுழைந்து பார்க்காத வீட்டுக்குப் பணம் கிடையாது, அவ்வளவுதான்.

3. வீட்டைத் தேடும் முன் வழியைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பெரிய அறைக்காகவும் குறைந்த வாடகைக்காகவும் நீண்ட பயணத்தை ஏற்றுக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பேரம். பேரம் சரியாக இருந்தால் பயணத்தில் இழந்ததை வாடகையிலோ வீட்டு வசதியிலோ ஈடுகட்டியிருக்க வேண்டும். சுவிஸ் பொருளியலாளர்கள் அலோயிஸ் ஸ்டட்ஸரும் புரூனோ ஃபிரேயும் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து இதைச் சோதித்து, 2008இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தினசரிப் பயணம் நீண்டவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. ஈடு கட்டியதாகத் தெரியவில்லை. அறையின் அளவு சில வாரங்களில் பழகிவிடும், கண்ணில்கூடப் படாது. நெரிசலோ ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு காரணத்தோடு வரும்.

செய்ய வேண்டியது இது. வேலையிடத்திலிருந்து வரைபடத்தில் வெளியே போகும் ரயில், பேருந்து வழிகளைப் பாருங்கள். வண்டி மாறாமல், அல்லது ஒரே ஒரு முறை மாறிப் போகக்கூடிய மூன்று, நான்கு பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாறும் இடங்கள் கூடக் கூடப் பயண நேரம் நீளும். அதைவிட மோசம், எவ்வளவு நேரம் ஆகும் என்றே சொல்ல முடியாமல் போகும்.

பிறகு அந்தப் பகுதிகளுக்கு வேலை நாளில், நெரிசல் நேரத்தில், உண்மையிலேயே போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த வழி வேறு ஊரின் வழி மாதிரி. செயலி காட்டும் "22 நிமிடம்" என்பது பல நேரம் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான். வீட்டுக் கதவிலிருந்து நிறுத்தத்துக்கு நடை, வண்டிக்குக் காத்திருப்பு, நிரம்பி வழிந்து ஏற முடியாமல் விட்ட வண்டி, இறங்கிய பின் படியேறி வெளியே வரும் நேரம், மின்தூக்கிக்கு வரிசை, இதெல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் பயணம். கதவிலிருந்து இருக்கை வரை கடிகாரத்தைப் பாருங்கள்.

அப்படியே இன்னும் இரண்டு விஷயம் விசாரியுங்கள். இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு? இந்த வழி ஒருநாள் நின்றுபோனால் மாற்று வழி என்ன? இரண்டுக்கும் பதில் இல்லாத பகுதியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். இரவு ஷிப்ட் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறுத்தத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசித் துண்டை இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டே முடிவெடுங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்பது பகலில் தெரியாது.

வாடகையை ஒப்பிடும்போது மாதப் பயணச் செலவையும் கூட்டியே ஒப்பிடுங்கள். தாமதமான நாட்களில் பிடிக்கும் வாடகை வண்டியும் அதில் சேர வேண்டும். தூரத்து வீட்டின் "மலிவு" பாதி நேரம் இந்தக் கூட்டலிலேயே காணாமல் போகும்.

4. வீட்டுக்குள் நுழைந்ததும்

ஒரே வீட்டை இரண்டு முறை பாருங்கள்: ஒருமுறை பகல், ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு மேல். பகலில் வெளிச்சமும் காற்றும் தெரியும். இரவில் சத்தம் தெரியும். இரவுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காதிருக்க அது வெளிப்புறத்தில் 40 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2009இல் பரிந்துரைத்தது. போனில் உள்ள அளவீட்டுச் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிடப் போதும். அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டு, பேசாமல் மூன்று நிமிடம் நில்லுங்கள். கூட வந்த புரோக்கர் பேச்சுக் கொடுப்பார்; போனில் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொண்டால் விட்டுவிடுவார்.

தண்ணீரைச் சோதிக்கக் குளியலறைக் குழாய், சமையலறைக் குழாய் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கழிப்பறை ஃப்ளஷை அழுத்துங்கள். மூன்றும் ஓடும்போது குழாயில் வரும் தண்ணீர் நூலாகிவிட்டால், காலையில் எல்லாக் குடித்தனமும் ஒன்றாக எழும்போது என்ன ஆகும் என்று புரியும். அப்படியே தரைக் குழியைப் பாருங்கள். தண்ணீர் சுழித்து இறங்க வேண்டும். தேங்கி நின்று மெல்ல வடிந்தால் அடைப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள்.

சுவரில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அதன்மேல் உள்ளங்கையை வையுங்கள். பக்கத்துச் சுவரைவிடக் குளிர்ச்சியாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் உள்ளே ஈரக்கசிவு. அலமாரியின் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, குளியலறையை ஒட்டிய சுவர், இந்த மூன்று இடங்களில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மேல்மாடி வீடானால் மாலை நாலு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். பகல் முழுக்கக் கூரை குடித்த வெயிலை இறக்கிவைக்கும் நேரம் அது.

படுக்கையறையில் நின்று ஒரு போன் போடுங்கள். சிக்னல் வாசலில் இருந்து பயன் இல்லை.

மின்மீட்டர் உங்கள் வீட்டுக்கென்று தனியாக இருக்கிறதா, இல்லை நாலு வீட்டுக்கும் ஒன்றா? பொது மீட்டரானால் கணக்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தனி மீட்டரானால் குடிவரும் நாளில் எண்ணைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் பாக்கி உங்கள் தலையில் விழாது.

கடைசியாக, முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வீட்டுக்காரர் "வேலை மாற்றம்" என்பார், உண்மையாகவும் இருக்கலாம். இரண்டு வருடத்தில் நாலு பேர் காலி செய்திருந்தால் எல்லாருக்கும் வேலை மாற்றமா என்று யோசிக்க வேண்டும்.

5. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

அச்சிட்ட ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கமான பிழை. பின்னாளில் சண்டை வருவது வேறு நான்கு வரிகளில்: காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், அதில் எதையெல்லாம் பிடித்துக்கொள்ளலாம், வாடகை எப்போது எவ்வளவு உயரும். இந்த நான்கும் எழுத்தில் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். "நமக்குள் எதற்கு இதெல்லாம்" என்று சொல்பவரிடம் இரண்டு மடங்கு பணிவோடு, ஆனால் கட்டாயமாகக் கேளுங்கள்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், வீடு முழுவதையும் நிதானமாக வீடியோ எடுங்கள். உடைந்த ஓடு, கீறிய கதவு, ஓட்டை விழுந்த கொசுவலை, கறை படிந்த பேசின் எல்லாவற்றையும் அருகில் காட்டி எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பணத்தைக் கையில் கொடுத்தால் ரசீது, இல்லையென்றால் வங்கி வழியாக மட்டும். அப்புறம், அனுமதி கேட்டுக்கொண்டு வாசல் பூட்டை மாற்றுங்கள். பழைய சாவிக்கு எத்தனை பிரதி எங்கெங்கே இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது.

6. குடிபுகுந்த முதல் மூன்று நாள்

படுக்கை, குளியலறை, அடுப்பு. இந்த மூன்றும் முதல் நாளே வேலை செய்ய வேண்டும். மற்ற பெட்டிகள் ஒரு மாதம் கட்டியபடியே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது; சொல்லப்போனால், ஒரு மாதம் திறக்காத பெட்டியில் இருப்பது தேவையில்லாத சாமான்.

பீரோ, மேசை மாதிரிப் பெரிய பொருள்களை இப்போது வாங்க வேண்டாம். இந்த வீட்டில் மூன்று மாதத்துக்கு மேல் இருப்பீர்களா என்றே இன்னும் தெரியாது.

மெயின் ஸ்விட்ச், தண்ணீர் வால்வு, கேஸ் வால்வு மூன்றும் எங்கே என்று கண்டுபிடித்து ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். நள்ளிரவில் குழாய் உடைந்த பிறகு டார்ச் அடித்துக்கொண்டு தேடுவது நன்றாக இருக்காது. குப்பை எந்த நாள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். இதில் இரண்டு லாபம். குப்பை விஷயமும் தெரியும், பேச ஒரு காரணமும் கிடைக்கும். பெரும்பாலும் புதுக் குடித்தனக்காரர்மேல் வரும் முதல் மனக்கசப்பு குப்பையால்தான் வருகிறது.

புது வீட்டில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது. அதை வைத்து வீடு சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருந்து சிறு சத்தத்துக்கும் பதில் கொடுப்பது தெரிந்தது. பழைய தலையணையும் போர்வையும் எடுத்து வந்திருந்தால் இப்போது உதவும். ஒரு வாரத்துக்கு மேலும் தூக்கம் வரவில்லையென்றால் அப்போது ஜன்னலையும் சத்தத்தையும் பாருங்கள்.

7. நகரத்தைச் சுருக்குங்கள்

பெருநகரம் மிரட்டுவது அதை ஒரே மூச்சில் விழுங்கப் பார்ப்பதால். முதல் மாதத்துக்கு உங்கள் ஊர் என்பது வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடைதூரம், வேலைக்குப் போகும் வழி, வேலையிடத்தைச் சுற்றிய நாலு தெரு. அவ்வளவே. மீதி நகரம் எங்கும் ஓடிப்போய்விடாது.

அந்த வட்டத்துக்குள் இவற்றைக் கண்டுபிடியுங்கள்: இரவிலும் திறந்திருக்கும் மருந்துக்கடை, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை, காவல் நிலையம், அன்றாடப் பொருள் கடை, பணம் எடுக்கும் இயந்திரம், உட்கார ஒரு நிழலான இடம். மருத்துவமனைக்குப் போகும் வழியை உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை நடந்து பாருங்கள்.

வழி பழகக் கைகண்ட முறை ஒன்று சொல்கிறேன். போகும்போது போன் வரைபடத்தைப் பாருங்கள், திரும்பும்போது பார்க்காதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருகணம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்பது மனதில் பதியும். வரைபடத்தின் நீலக் கோட்டுக்கு மட்டும் கீழ்ப்படிந்து நடப்பவர்கள் ஆறு மாதம் கழித்தும் பேட்டரி தீர்ந்தால் சொந்தத் தெருவைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அடையாளத்துக்குக் கடைப் பலகையை நம்பாதீர்கள், மாறிவிடும். மேம்பாலம், தண்ணீர்த் தொட்டி, பெரிய மரம், கோபுரம் என்று நகராதவற்றைப் பிடியுங்கள்.

ரயில் நிலையத்தில் வெளியேறும் வழிகளுக்கு எண்ணோ பெயரோ இருக்கும். உங்களுக்கு வேண்டியது எது, அதற்கு அருகே வந்து நிற்பது எத்தனையாவது பெட்டி என்று கவனித்து, ஏறும்போதே அந்தப் பெட்டியில் ஏறுங்கள். இறங்கியதும் கூட்டத்துக்கு முன்னால் படியில் இருப்பீர்கள்.

8. கூட்டத்தில் நடப்பதும் கேட்பதும்

எழுதாத விதிகள் சில உண்டு. ஊருக்கு ஊர் சற்று மாறும். இறங்குபவருக்கு வழிவிட்டு ஏறுவது, பையைத் தோளிலிருந்து இறக்கி முன்பக்கம் வைப்பது, படியின் உச்சியிலோ வாசலிலோ நின்று போன் பார்க்காமல் சுவரோரம் ஒதுங்குவது. நகரும் படிக்கட்டில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை முன்னால் போகிறவர்களைப் பார்த்துப் பின்பற்றுங்கள். புதியவர் என்று காட்டிக்கொடுப்பது பேச்சல்ல, நிற்கும் இடம்.

வீட்டை விட்டு இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பிப் பாருங்கள். நெரிசலின் உச்சம் நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியது. அதன் ஓரத்தைப் பிடித்தாலே நிற்க இடம் கிடைக்கும்.

"இந்த ஊர் ஆட்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார்கள்" என்பது புதியவர்களின் பொதுவான புகார். சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970இல் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றும் பொருந்துகிறது. நகரத்தில் ஒருவர்மேல் வந்து மோதும் முகங்கள், சத்தங்கள், வேண்டுகோள்கள் அளவுக்கு மிஞ்சியவை; எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியாது என்பதால் மனம் வடிகட்டிக்கொள்கிறது. அது உங்கள்மேல் உள்ள வெறுப்பு அல்ல. ஆகவே கேட்கும் முறையை மாற்றுங்கள். வேகமாக நடப்பவரை நிறுத்தாதீர்கள். கடைக்காரர், காவலாளி, நிறுத்தத்தில் காத்திருப்பவர் என்று நின்றுகொண்டிருப்பவரைக் கேளுங்கள். "ஒரு நிமிடம், கொஞ்சம் உதவி..." என்று ஆரம்பித்தால் பணம் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். "பழைய பாலத்துக்கு இந்தப் பக்கமா?" என்று ஒரே மூச்சில் கேட்டால் கைநீட்டிக் காட்டிவிடுவார்கள்.

9. பணக் கணக்கு

முதல் மாதம் சிக்கனம் வேண்டாம், குறிப்பு போதும். செலவழித்த ஒவ்வொன்றையும் அன்றிரவே எழுதுங்கள். ஊரில் இருந்தபோது போட்ட மதிப்பீடு இங்கே பொருந்தாது. உண்மையான எண் தெரியாமல் போடும் பட்ஜெட் கற்பனைதான். மாத முடிவில் பார்த்தால் ஓட்டை பெரிய செலவில் இருக்காது. சமைக்க அலுத்து வரவழைத்த சாப்பாடு, தாமதமாகி ஏறிய வாடகை வண்டி, வேலைக்கு நடுவே வாங்கும் சில்லறைத் தீனி, இவற்றில்தான் இருக்கும்.

வருடச் சந்தா எதையும் முதல் மூன்று மாதத்தில் கட்டாதீர்கள். முக்கியமாக உடற்பயிற்சிக் கூடம்.

10. வாரத்துக்கு ஓர் ஒழுங்கு

புது ஊர், புது வேலை, அதோடு விடியற்காலை எழுந்து ஓடுவது, தினமும் சமைப்பது, புது மொழி கற்பது என்று எல்லாவற்றையும் முதல் திங்கட்கிழமையே தொடங்குகிறவர்கள் மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் ஒன்றாக விடுகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு புதுச் செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக்கமாவதற்கு மதிப்பிட்ட கால அளவு 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவாக 66 நாள். அதே ஆய்வில், இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டே பழக்கம்: ஒரே நேரத்தில் எழுவது, வாரத்தில் ஒருநாள் வீட்டு வேலைகளை மொத்தமாக முடிப்பது. துணி, பெருக்கல், காய்கறி, அடுத்த வாரச் சமையலுக்கான ஆயத்தம் எல்லாம் அந்த அரை நாளில். மற்றவை பின்னால்.

11. மனிதர்கள்

நட்பு அமையவில்லை என்று இரண்டாவது மாதமே மனமுடைந்து பேசுபவர்கள் நிறைய. கணக்கைப் பார்த்தால் அமையாததுதான் இயல்பு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறி வந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் நடத்திய ஆய்வில், அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. நண்பர் என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். வேலையிடத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை. வேலைக்கு வெளியே, விரும்பிக் கழிக்கும் நேரம்தான் உதவுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்தித்தால் சாதாரண நட்புக்கே ஆறு மாதம். ஒருமுறை மட்டும் போய்வரும் பெரிய கூட்டங்களும் விருந்துகளும் இதில் எதையும் சேர்க்காது, ஏனென்றால் அந்த முகங்கள் மறுபடி வராது. வேண்டியது அதே ஆட்கள், அதே இடம், அதே நாள். விளையாட்டுக் குழு, நூலக வாசிப்பு வட்டம், மொழி வகுப்பு, தன்னார்வ வேலை, எது உங்களுக்குப் பிடிக்குமோ அது. ஒன்று போதும், மூன்றில் சேர்ந்து மூன்றையும் விடுவதற்கு அது மேல். முதல் மூன்று முறை சலிப்பாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகப் பேசுவார்கள், நீங்கள் ஓரமாக நிற்பீர்கள். நாற்காலி அடுக்கவோ வருகைப் பதிவு எழுதவோ வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை கையில் இருப்பவரிடம் மற்றவர்கள்தான் முதலில் பேச வருவார்கள்.

நட்பு அமையும்வரை வெறும் முகப்பழக்கம் கைகொடுக்கும். அதே கடைக்கு அதே நேரத்தில் போங்கள். கடைக்காரர் தலையசைப்பது, காவலாளி "இன்றைக்கு லேட்டா?" என்று கேட்பது எல்லாம் சிறு விஷயமாகத் தெரியலாம். நீங்கள் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் கவனிக்க இந்த ஊரில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்குப் பேசுவதற்கு ஒரு நேரம் வையுங்கள். மனம் கனக்கும்போதெல்லாம் போன் எடுத்தால் அங்கே அம்மா அப்பாவுக்கும் தூக்கம் போகும், இங்கே மாலை நேரமும் போகும். வாராவாரம் ஊருக்குப் பஸ் பிடிப்பதையும் தவிருங்கள். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போய்விடுகிறவருக்கு இந்த நகரம் திங்கள் முதல் வெள்ளி வரையிலான வேலை நேரம் மட்டும்தான். நட்பு சேரும் நாட்கள் கையைவிட்டுப் போகின்றன.

12. மனம் சரியும் வாரங்கள்

வந்த புதிதில் எல்லாம் வேடிக்கையாக இருக்கும். சரிவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல், வேற்றுப் பண்பாட்டுக்குள் போகிறவர்களைப் பற்றி எழுதியபோது தேனிலவு போன்ற ஒரு காலம், அதன் பின் எரிச்சலும் வெறுப்பும் வரும் காலம், பிறகு மெல்ல மீள்வது என்று வகுத்தார். எல்லாருக்கும் அப்படியே நடப்பதில்லை. ஆனால் சொந்த நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர்களும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் "வந்தது தப்போ?" என்று கேட்பது வெகு சகஜம்.

அந்த வாரங்களில் வேலையை விடுவது, வீட்டை மாற்றுவது மாதிரி முடிவுகளை எடுக்காதீர்கள். காரணங்களைத் தேதி போட்டு எழுதி வைத்து, மூன்று வாரம் கழித்துப் படியுங்கள். அப்போதும் அதே காரணம் உறுத்தினால் அது உண்மையான காரணம்.

தினமும் மனச்சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை, பிடித்ததில்கூட ஆர்வமில்லாமை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இது ஊர் பழகும் சங்கடம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எல்லாம் கணக்கில்லை. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

13. மூன்றாம் மாத முடிவில்

செலவுக் குறிப்பையும் பயண நேரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். கதவிலிருந்து இருக்கை வரை உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது? வாடகையும் பயணமும் சேர்ந்து சம்பளத்தில் எவ்வளவு? வாரத்தில் எத்தனை இரவு நன்றாகத் தூங்குகிறீர்கள்? இந்த மூன்றும் சரியாக இருந்தால் பீரோவும் மேசையும் இப்போது வாங்கலாம். இரண்டு சரியில்லையென்றால் வீட்டை மாற்றும் நேரம். இப்போது பகுதிகள் தெரியும், விசாரிக்க ஆட்களும் இருக்கிறார்கள், முதல் தேடலைப்போல் கஷ்டமாக இருக்காது.

மாற்றுவதானால் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பு நாட்களை எண்ணி, காலி செய்யும் தேதியை எழுத்தில் சொல்லுங்கள். வாயால் சொன்னால் அட்வான்ஸ் திரும்பும் நாளில் "அப்போது சொல்லவே இல்லையே" என்பார்கள். குடிவந்த அன்று எடுத்த வீடியோவையும் மீட்டர் படத்தையும் தேடி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டைப் பார்க்கப் போகும்போது மறுபடியும் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.